பெல்மார் காது

ஒரேல் பெல்மார் மார்ச் மாதத்தில் இறந்தார். அந்தப் பள்ளத்தாக்கில் மார்ச்சில் இறந்தவர்களுக்கு உடனே இடம் கிடைப்பதில்லை. பனியில் இறுகிய நிலம் இளகும் வரை தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கல் கொட்டகையில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது ஒரேலுக்கு வாழ்நாளில் பழக்கமே இல்லாத வேலை. பாவசங்கீர்த்தனத்தில்கூட வரிசையை மீறி முன்னால் போய் நிற்பவர். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும், ஃபாதர்" என்று ஆரம்பித்து, பின்னால் நிற்பவர்களின் பாவங்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வருவார்.

மே மாதத்தில் ஒருவழியாக அவரைப் புதைத்தார்கள். பிறகு எல்லோரும் அவர் மனைவி ரொசில்தாவின் வீட்டில் ப்ளாய் என்ற மெல்லிய மாவு அடையைக் கோழிக் குழம்பில் தொட்டுத் தின்றபடி அவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அழுகையும் இருந்தது. அதை ஒவ்வொருவரும் தங்கள் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

அவரைப் பற்றிப் பேசுவதென்றால் காதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவரும் அங்கிருந்துதான் தொடங்குவார்.

பெல்மார் குடும்பத்தில் பலருக்குக் காதுமடல் கன்னத்தோடு சேரும் இடத்தில் ஊசியால் குத்தியது போல ஒரு சின்னத் துளை உண்டு. சிலருக்கு ஒரு காதில், சிலருக்கு இரண்டிலும். ஒரேலுக்கு இரண்டு காதிலும் இருந்தது போதாதென்று கழுத்தின் பக்கவாட்டிலும் ஒன்று இருந்தது. ஆற்றின் இந்தக் கரையில் அமெரிக்காவின் மேய்ன், அந்தக் கரையில் கனடா. இரண்டு கரையிலும் அதற்கு 'பெல்மார் காது' என்றே பெயர். பிரெஞ்சு பேசிய பெல்மார் முன்னோரை ஆங்கிலேயர்கள் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கப்பலேற்றி விரட்டிய காலத்தில், தொலைந்த பிள்ளைகளைத் திரும்ப அடையாளம் காண்பதற்காகக் கடவுளே போட்ட துளை அது என்பது ஒரேலின் கட்சி. கடவுள் போட்டார் என்பதை வெகுகாலம் கழித்து டாக்டர்களும் பெரிதாக மறுக்கவில்லை. எதற்காகப் போட்டார் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

குழந்தை பிறந்தால் பெல்மார்கள் முதலில் டார்ச் அடித்துக் காதைப் பார்ப்பார்கள். ஆணா பெண்ணா என்பது அப்புறம். கோடையில், உருளைக்கிழங்குச் செடிகள் பூத்திருக்கும்போது குடும்பம் முழுவதும் கூடும். தேவாலயப் படிகளில் காதுள்ளவர்கள் மட்டும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கலியாணம் செய்துகொண்டு வந்தவர்களும், பெல்மாராகவே பிறந்தும் துளையில்லாமல் போன மொட்டைக் காதுகளும் புல்வெளியில் நின்று மற்றவர்களின் கோட்டுகளையும் கைப்பைகளையும் பிடித்துக்கொள்வார்கள். யாரெல்லாம் படியேறலாம் என்று தீர்ப்புச் சொல்வது ஒரேல்.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் நோர்மனுக்குக் காது அப்பாவை உரித்து வைத்திருந்தது. இளையவன் ரெய்னால்ட் மொட்டை.

"இவன் பால்காரன் எர்வே ஜாடை" என்று ஒவ்வொரு கோடையிலும் ஒரேல் சொல்லுவார். ஒவ்வொரு கோடையிலும் எல்லோரும் சிரிப்பார்கள். ரெய்னால்ட் பிறந்தபோது அந்தப் பால்காரருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. ஆனால் வேடிக்கைப் பேச்சுக்கு வயதுக் கணக்கு தேவையில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து ரெய்னால்டின் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் படங்களை எல்லாம் எடுத்தவன் அவன்தான். ஒன்றில்கூட அவன் இல்லை.

பெல்மார்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. நாற்பது வயதுக்குள் காது மந்தமாகிவிடும். அதற்குக் காரணம் காகித மில்லின் சத்தம். ஒரேல் மில்லில் வேலை பார்த்தார், அவர் அண்ணனும் தம்பியும் பார்த்தார்கள், நோர்மனும் பார்த்தான். ஒரேலின் அக்கா மரி-ஆஞ்ச் மட்டும் பதினேழு வயதில் கன்னிமடத்தில் சேர்ந்து, பேசாநோன்பு இருக்கும் சபையிலேயே ஆயுளைக் கழித்தவர். அவருக்கும் சுத்தமாகக் காது கேட்காது. அதைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சாவுகளுக்கும் இப்படித்தான், ஆளுக்கொரு காரணம் தயாராக இருந்தது. ஒரேலின் தம்பி ஒருவன் ஆறு வயதில் முகமெல்லாம் வீங்கிச் செத்தான். ஆற்றுத் தண்ணீரைக் குடித்தான் என்றார்கள். அத்தை ஒருத்தி இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உடம்பு ஊதிப் போய்ச் சேர்ந்தாள்; உப்புப் பன்றிக்கறி தின்றாள் என்றார்கள். ஒரேலுக்கும் ரொசில்தாவுக்கும் நோர்மனுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒரு மணி நேரம்கூட உயிரோடு இல்லை. ரொசில்தா நிறைமாதத்தில் அறுவடை ட்ரக்கில் ஏறிக் கிழங்குப் பீப்பாய்களுக்கு நடுவே குலுங்கிக்கொண்டு போனதுதான் அதற்குக் காரணம். இதற்காக அவளை யாரும் திட்டவில்லை. அவள் எதிரில் ட்ரக் என்ற சொல்லை மட்டும் தவிர்த்தார்கள். அதைவிடச் சத்தமாக எதையும் சொல்லிவிட முடியாது.

ஒரேல் அந்தக் குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஞானஸ்நானம் கொடுக்க ஓடிவந்த பாதிரியாரிடம், "ரெண்டு காதும் நம்ம காது, ஃபாதர்" என்றார். அவருக்குத் தெரிந்த அழுகை அதுதான்.

இனி ஜூல். நோர்மனின் ஒரே மகன்.

நோர்மன் கட்டிக்கொண்டவள் டாரா. தெற்கே கடலோரத்து ஊர்க்காரி. பிரெஞ்சு பேச வராது, பூசைக்கும் வர மாட்டாள், மாமனாரை 'ஒரேல்' என்று பெயர் சொல்லியே கூப்பிடுவாள். இதில் எந்தக் குற்றத்துக்கு முதலில் கோபப்படுவது என்று தீர்மானிக்க முடியாமல் ஒரேல் மூன்றையும் பொறுத்துக்கொண்டார். பேரன் இரண்டு காதிலும் துளையோடு பிறந்ததும் எல்லாவற்றையும் மன்னித்தார். ஆனால் ஜூலின் காதுத் துளைகள் அடிக்கடி சீழ் பிடித்தன. அவனுக்கு இரண்டு வயதானபோது டாரா தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டையும் அறுவைசிகிச்சை செய்து மூடிவிட்டாள்.

"குழந்தை வலியில துடிச்சான், ஒரேல். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"எங்க வம்சத்தையே தச்சு மூடிட்டே."

ஒரு வருஷம் அவளிடம் பேசவில்லை. பேரனைப் பார்க்க வந்தால் அவளிடம் சொல்ல வேண்டியதை நாயிடம் சொல்லுவார். "உன் எஜமானி காப்பி போடுவாளான்னு கேளு."

ஜூலுக்கு நான்கு வயதானபோது அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் பிறவியிலேயே சரியாக வளராதவை என்று தெரிந்தது. வயதுக்கேற்ப உயரமில்லை, எப்போதும் தாகம், சோகை. அவன் வளர்ந்தான், அவை வளரவில்லை. குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு உண்டா என்று பார்த்த டாக்டர்கள் எல்லோரும் கேட்டார்கள். பெல்மார்கள் ஒரே குரலில் இல்லை என்றார்கள். பொய்யில்லை. அவர்கள் குடும்பத்தில் ஆற்றுத் தண்ணீர் இருந்தது, உப்புக்கறி இருந்தது, ட்ரக் இருந்தது. சிறுநீரகம் என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை.

"கடலோரத்து ரத்தம்" என்றார் ஒரேல். "அந்த ஊர்ல மீனைத் தவிர வேற எதையும் கண்ணால பார்த்ததில்லை. கிட்னி எப்படி வளரும்?"

ஒன்பது வயதில் பையன் டயாலிசிஸுக்கு வந்து நின்றான். இனி மாற்றுச் சிறுநீரகம் வைத்தாக வேண்டும் என்றார்கள். முன்வந்த முதல் ஆள் டாரா. அவளுடைய ரத்த வகை சேரவில்லை.

"பார்த்தியா? ரத்தமே ஒட்டலை" என்று ஒரேல் தன் கட்சிக்குச் சான்று கிடைத்தது போலச் சொன்னார். அடுத்தது நோர்மன். ரத்த அழுத்தம் இருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறது, வேண்டாம் என்றார்கள். டப்பா சூப்பாகக் கொடுத்து டாரா அவனைக் கெடுத்துவிட்டாள் என்பது அதற்கான விளக்கம். அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில் டாரா ரெய்னால்டைப் பார்த்து, "நீ ஒரு டெஸ்ட் பண்ணிப் பாக்கறியா?" என்று நேராகக் கேட்டாள். அவன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

"கத்தின்னா பயம்" என்றார் ஒரேல். "எர்வேவுக்கும் அப்படித்தான். கோழி அறுத்தாலே மயக்கம் போட்டுருவார். இது பெல்மார் குடுக்க வேண்டிய கிட்னி. நான் குடுக்கறேன்."

போஸ்டனுக்கு எட்டு மணி நேரப் பயணம். நோர்மன் ஓட்டினான், ஒரேல் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் ரொசில்தாவும் டாராவும் ஜூலும். ரொசில்தாவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வழியில் தின்ன ரொட்டியும் அதில் தடவிக்கொள்ளக் கிரெத்தோன் என்ற பன்றிக்கறி விழுதும் எடுத்து வந்திருந்தாள். நோர்மன் ஜூலை ரத்தம் எடுக்க அழைத்துக்கொண்டு போக, மற்ற மூவரும் டாக்டர் ஹாலரன் என்ற பெண்மணியின் அறைக்குள் போனார்கள்.

"மிஸ்டர் பெல்மார், உங்க குடும்பத்துல யாருக்காவது கிட்னி கோளாறு?"

"கிடையாது. எங்க ஆளுங்க இரும்பு. இது எல்லாம் அவங்க அம்மா பக்கம்."

"உங்க மருமகள் இங்கதான் உக்காந்திருக்காங்க."

"தெரியும். அதான் மெதுவா சொல்றேன்" என்றார் ஒரேல், நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

டாரா ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

"டாக்டர், நீங்க டெஸ்ட் எல்லாம் பண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம். இதைப் பாருங்க." ஒரேல் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார். "பெல்மார் காது. அவனுக்கும் இருந்துச்சு, தச்சு மூடிட்டாங்க. வெளியில மூடினா என்ன? உள்ளே என் கிட்னியும் அவன் கிட்னியும் ஒரே அச்சு. கண்ணை மூடிக்கிட்டு எடுத்து வெச்சிரலாம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மேசையைச் சுற்றி வந்து சின்ன விளக்கைப் பிடித்துக் காதைப் பார்த்தார். மறு காதையும் பார்த்தார். படித்த ஒருவர் இந்தக் காதை இவ்வளவு ஆர்வமாகப் பார்ப்பது ஒரேலின் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவர் போல வாகாகக் குனிந்து கொடுத்தார்.

"கழுத்துல இருக்கறது?"

"அதுவும் பிறவிதான். அது போனஸ்."

"காது எப்பலேர்ந்து கேக்கலை?"

"மில் சத்தம்."

"கூடப் பிறந்தவங்களுக்கு?"

"அவங்களுக்கும் மில்தான். எங்க மில்லு அப்படி."

"எல்லாரும் மில்லுலயா வேலை பார்த்தாங்க?"

"அக்கா மட்டும் கன்னிமடத்துல. அவங்களுக்கும் கேக்காது."

"மடத்துல மெஷின் ஏதாவது ஓடுமா?"

ஒரேல் காதுமடலைத் தடவினார். "மணி அடிப்பாங்க" என்றார்.

டாரா முதல் தடவையாகச் சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் ஹாலரன் தன் நாற்காலிக்குத் திரும்பினார். "மிஸ்டர் பெல்மார், நீங்க சொன்னது சரி. டெஸ்ட் பண்ணித்தான் உறுதி சொல்லணும். ஆனா பார்த்தா, உங்க கிட்னியும் அவன் கிட்னியும் ஒரே அச்சுன்னுதான் தோணுது. அதனாலதான் உங்களோடதை எடுக்க முடியாது."

பிறகு பொறுமையாக விளக்கினார். குழந்தை வயிற்றில் உருவாகும் முதல் வாரங்களில் காதையும் கழுத்தையும் சிறுநீரகத்தையும் இப்படி இப்படி வளருங்கள் என்று சொல்கிற மரபணு ஒன்று உண்டு. அதில் பிழை இருந்தால் மூன்றுமே தடுமாறும். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காதில் துளை உள்ளவர்கள் எல்லோருக்கும் இது இருக்கும் என்றில்லை, பெரும்பாலோருக்கு அது வெறும் துளைதான். ஆனால் துளை, செவிடு, சிறுநீரகம் மூன்றும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

"அதுதான் இதோட குணம். ஒரே பிழை, ஆளுக்கு ஆள் வேற மாதிரி காட்டும். ஒருத்தருக்கு வெறும் காதோட போயிரும். ஒருத்தருக்குச் செவிடு. ஒருத்தருக்குக் கிட்னியே இருக்காது."

"ப்ளாய் மாதிரி" என்றாள் ரொசில்தா பின்னாலிருந்து. எல்லோரும் திரும்பினார்கள். அவள் மடியில் ரொட்டிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஒரே மாவுதான். ஒண்ணுல நிறைய கண்ணு விழும், ஒண்ணு கருகிடும். ஊத்தறப்போ தெரியாது."

"அப்படித்தான்" என்றார் டாக்டர், ப்ளாய் என்றால் என்னவென்றே தெரியாமல்.

"பிறந்து ஒரு மணி நேரம்கூட இருக்காம குழந்தை போறதும் இதுல வருமா?"

ஒரேல், "அது ட்ரக்கு" என்றார். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லை அவள் எதிரில் உச்சரித்துவிட்டது உறைத்தது.

டாக்டர் ரொசில்தாவிடம் கேட்டார். "பிரசவத்துல தண்ணி உடைஞ்சுதா, அம்மா?"

"தண்ணியே இல்லைன்னு நர்ஸ் சொன்னா."

"ரெண்டு கிட்னியும் உருவாகலைன்னா குழந்தையைச் சுத்தித் தண்ணி இருக்காது. தண்ணி இல்லாம நுரையீரல் வளராது. உங்க குழந்தைக்கு அதுதான் நடந்துச்சான்னு இப்ப என்னால உறுதியா சொல்ல முடியாது. அதோட காதை யாராவது பார்த்தாங்களா?"

ரொசில்தா ஒரேலின் பக்கம் திரும்பினாள். யார் பார்த்தது என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

"ஆனா ட்ரக்கால மூச்சு வராம போகாது" என்றார் டாக்டர். "அது மட்டும் உறுதி."

திரும்பி வரும்போது ஒரேல் வண்டி ஓட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேய்ன் எல்லை வந்தது, பாங்கோர் போனது, சாலையின் இரண்டு பக்கமும் பைன் மரங்கள் மட்டும் என்றாகிவிட்டது. ஜூல் தூங்கிவிட்டான். ரொசில்தா முன் இருக்கையின் பின்புறத்தைத் தட்டினாள்.

"ஒரேல். அன்னிக்கு அந்த ட்ரக்குல ஏறுன்னு சொன்னது நீ."

"ஆமா."

"ஆள் பத்தலைன்னு சொன்னே."

"ஆமா."

"இத்தனை வருஷமா ஒரு தடவை கூட நீ யார்கிட்டயும் அதைச் சொல்லலை."

ஆமா என்று மூன்றாவது தடவையும் சொன்னார். அந்த மூன்று ஆமாவும் அவர் மணவாழ்க்கையின் மிக நீளமான பேச்சு என்று நோர்மன் பிறகு சொல்வான். அன்றிரவு முதல் ரொசில்தா மாடி அறையில் படுக்கத் தொடங்கினாள். சமையல் மட்டும் குறையில்லாமல் நடந்தது. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

பரிசோதனைக்குச் சின்னக் குழாயில் எச்சில் கேட்டிருந்தார்கள். முடிவு வந்தது. ஒரேலுக்கும் நோர்மனுக்கும் ஜூலுக்கும் ஒரே பிழை, ஒரே இடத்தில்.

ஒரேல் தொலைபேசியை எடுத்தார். முதலில் உறவினர்களை எச்சரிப்பதாகத்தான் எண்ணம். பலர் அதை நல்லபடியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"போஸ்டன்காரி சொன்னான்னு நம்பிட்டியா? எனக்கு மில் சத்தம்" என்றார் ஒரு சித்தப்பா மகன்.

"நீ மில்லுக்கே போகலையே! தபால் ஆபீஸ்ல இருந்தே!"

"முத்திரை குத்தற சத்தம் உனக்கென்ன தெரியும்?"

சிலர் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். கனடாக் கரையில் ஒரு குழந்தைக்குச் சிறுநீர் திரும்பி மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது தெரிந்து, நேரத்தோடு வைத்தியம் பார்த்தார்கள். அதைத் தானே கண்டுபிடித்ததாக ஒரேல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

ஆனால் ஜூலுக்குச் சிறுநீரகம் கிடைக்கவில்லை. படிகளில் நின்று படம் எடுத்துக்கொண்ட ஒருவரின் சிறுநீரகமும் உதவாது என்பது தெளிவாகிவிட்டது. மிஞ்சியவர்கள் மொட்டைக் காதுகள். அவர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பேசும்போதுதான் ஒரு விஷயம் ஒரேலுக்குப் பிடிபட்டது. வாழ்நாள் முழுக்க அவர்களில் ஒருவரையும் விட்டுவைக்காமல் கேலி செய்திருக்கிறார். ஒருத்தி, "படத்துல நிக்க லாயக்கில்லாதவ கிட்னி மட்டும் உனக்கு லாயக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். இன்னொருவர் மரியாதையாகத் தனக்குச் சர்க்கரை என்றார். மிச்சமிருந்தது ஒருவன்தான்.

ரெய்னால்டுக்குக் கலியாணம் ஆகவில்லை. ஊரின் எல்லையில் ஸ்னோமொபைல் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். ஒரேல் போனபோது ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தான். பெஞ்சில் இரண்டு வாடிக்கையாளர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரேல் பனியைப் பற்றிப் பேசினார். போன வருஷத்துப் பனியைப் பற்றிப் பேசினார். கிழங்கு விலையைப் பற்றிப் பேசினார். ரெய்னால்ட் தலையைத் தூக்காமல், "என்ன வேணும், அப்பா?" என்றான்.

"ஒண்ணுமில்லை. சும்மா."

"நீங்க சும்மா வர்ற ஆள் இல்லையே."

"ஜூலுக்கு… உன்கிட்ட ரெண்டு இருக்குல்ல."

"ரெண்டு என்ன?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

"சத்தமா சொல்லுங்க. உங்களுக்குத்தான் காது கேக்காது, எனக்கு நல்லா கேக்கும். ஆனா இது கேக்கலை."

"கிட்னி!" என்று ஒரேல் கத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் காப்பியை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். "உன் கிட்னி ஒண்ணு வேணும்!"

ரெய்னால்ட் ஸ்பேனரைக் கீழே வைத்தான். துணியில் கையைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"கத்திக்குப் பயந்து கிறிஸ்துமஸ் அன்னிக்கு எழுந்து போனேன்னு நினைச்சீங்களா?"

"அப்படித்தான் சொன்னேன்."

"எல்லார்கிட்டயும் சொன்னீங்க, தெரியும்." அவன் குரலைத் தாழ்த்தினான். உடனே அப்பாவுக்குக் கேட்காது என்று உறைத்து மறுபடி உயர்த்த வேண்டியிருந்தது. ஆகவே அவன் வாழ்நாளில் ஒருவரிடமும் சொல்லாததை முழுக் கடைக்கும் கேட்கும்படி சொன்னான். "டெஸ்ட் பண்ணுவாங்க. ரத்தம், திசு, எல்லாம். அதுல நான் உங்க பிள்ளையே இல்லைன்னு வந்தா? அம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்? நீங்க எப்படி முழிப்பீங்க? ஒவ்வொரு வருஷமும் சொன்னீங்களே. ஒரு வருஷம் கூட விடலையே."

வாடிக்கையாளர்கள் இருவரும் சேர்ந்தாற்போல் எழுந்து வெளியே போய், பனியில் நின்றுகொண்டார்கள். நல்ல மனிதர்கள். கதவை மட்டும் முழுசாகச் சாத்தவில்லை.

ஒரேல் வேடிக்கை என்று சொல்ல வாயெடுத்தார். வேடிக்கை என்றால் அவன் ஏன் இத்தனை வருஷம் அதைத் தூக்கிச் சுமந்தான் என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது. எர்வேயின் வயதைச் சொல்லலாமென்று நினைத்தார். அது ரொசில்தாவைச் சந்தேகப்பட்டு, கணக்குப் போட்டுச் சரிபார்த்தது போல ஆகிவிடும். கடைசியில் கையை வீசினார்.

"வந்தா வந்துட்டுப் போகட்டும்டா! யார் பிள்ளையா இருந்தா என்ன, கிட்னியைக் குடு!"

ரெய்னால்ட் அவரையே பார்த்தான். தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறான் என்று ஒரேல் பயந்துபோனார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். வண்டியின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணீர் வழியச் சிரித்தான்.

"உங்களை மாதிரி ஒரு மனுஷன்… சரி. குடுக்கறேன். போங்க."

ஒரேல் வீட்டுக்கு வரும்போது செய்தி அவரை முந்திக்கொண்டு வந்திருந்தது. பனியில் நின்ற இருவரின் வேலை. ரொசில்தா பாத்திரம் துடைக்கும் ஈரத்துணியோடு வாசலிலேயே நின்றாள். ஒரேலின் முதுகில் ஒன்று போட்டாள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், முப்பத்தைந்து வயது மகனின் முதுகிலும் அதே துணியால் ஒன்று போட்டாள்.

"இதையாடா நினைச்சிட்டு இருந்தே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன?"

"கேக்கற மாதிரியா இருந்துச்சு, அம்மா?"

அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அன்றிரவு மாடி அறையிலிருந்து கீழே இறங்கி வந்து படுத்தாள். ஒரேலை மன்னித்துவிட்டாளா என்று யாருக்கும் தெரியாது. மாடி குளிர் என்று மட்டும் சொன்னாள்.

ரெய்னால்டிடம் அந்தப் பிழை இல்லை. சிறுநீரகங்கள் இரண்டும் பாடப்புத்தகத்தில் போட வேண்டியவை என்றார் டாக்டர் ஹாலரன். ரத்த வகை சேர்ந்தது. திசுப் பொருத்தம் சரிபாதி. அண்ணன் மகனுக்கும் சித்தப்பாவுக்கும் எவ்வளவு எதிர்பார்க்கலாமோ அவ்வளவும் வந்திருக்கிறது என்றார். டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரேல், ரொசில்தா, நோர்மன், ரெய்னால்ட் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு அவருக்குப் புரியவில்லை.

"எர்வேவுக்கு ஒரு பூசை வெச்சிரலாம்" என்றான் ரெய்னால்ட். "பாவம், காரணமே இல்லாம கெட்ட பேரு."

அறுவைசிகிச்சை ஏப்ரலில் நடந்தது. ஜூல் ஒரு மாடியில், ரெய்னால்ட் இன்னொரு மாடியில். புதுச் சிறுநீரகத்தில் ரத்தம் பாய்ந்த சில நிமிஷங்களிலேயே, மேசையில் இருக்கும்போதே அது வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னார். டாரா சுவரில் சாய்ந்தபடியே தரைக்குச் சரிந்து உட்கார்ந்தாள். ஒரேல் அவள் பக்கத்தில் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கஷ்டப்பட்டுத் தானும் தரையில் உட்கார்ந்தார்.

"ஒரேல், உங்களால எழுந்திருக்க முடியாது."

"தெரியும். நீ தூக்கி விடு."

அதற்குப் பிறகு அவரை ஓரிடத்தில் உட்காரவைக்க முடியவில்லை. ஜூலின் கட்டிலருகே தொங்கும் பையில் சிறுநீர் ஏறுவதைப் பார்ப்பார். லிப்டில் ஏறி ரெய்னால்டிடம் போவார். தூங்குகிறவனை எழுப்புவார். "பை நிறைஞ்சு மாத்திட்டாங்க." திரும்ப ஓடுவார். "ரெண்டாவது பை. ஆப்பிள் சாறு மாதிரி." லிப்டில் வந்த முன்பின் தெரியாத ஒருவரிடமும் அளவைச் சொன்னார். பல வருஷமாக நல்ல சிறுநீரே காணாத பையனின் உடம்பிலிருந்து அது கொட்டிக்கொண்டே இருந்தது. நர்ஸுகளால் எழுதி மாளவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் மறுபடி வந்தபோது ரெய்னால்ட் விழித்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. காலையில்தான் சிறுநீர்க் குழாயை எடுத்திருந்தார்கள். மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு அவன் தானாகப் போகிறானா என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"கேளு, இப்ப என்ன ஆச்சுன்னா…"

"அப்பா."

"கன்னத்துல ரத்தம் ஏறியிருக்கு. பசிக்குதுன்னு சொன்னான். அவன் வாயால பசிக்குதுன்னு கேட்டு…"

"அப்பா, சிரிக்கவும் முடியலை, பேசவும் முடியலை, தையல் இழுக்குது. எனக்கு ஒண்ணுக்கு வருது. நர்ஸைக் கூப்பிடுங்க."

ஒரேல் அவனைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கட்டிலின் தலைமாட்டிலேயே அழைப்பு மணியின் பொத்தான் இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. நேராக நடைபாதைக்குப் போய், இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, பக்கத்து வார்டில் தூங்கியவர்களும் எழுந்து உட்காரும்படி கூவினார்:

"என் பிள்ளைக்கு ஒண்ணுக்கு வருது!"